சோராவும் சொரியாசிஸும்: ஹோமியோபதியைத் தந்த ஹானிமன், தோல் நோய் விஷயத்தில் எங்கே சரி, எங்கே தவறு?

சிதம்பரம் கோயிலின் தலபுராணத்திலேயே ஒரு தோல் நோய்க் கதை இருக்கிறது. கௌட தேசத்து இளவரசன் சிம்மவர்மனுக்கு உடம்பெல்லாம் தோல் நோய். அரியணை தனக்குச் சரிவராது என்று ஊரை விட்டுக் கிளம்பி, தெற்கே வந்து, தில்லை வனத்தில் வியாக்ரபாதரைச் சந்திக்கிறான். சிவகங்கைத் தீர்த்தத்தில் மூழ்கி எழுந்தபோது நோய் போய் மேனி பொன்னாக மின்னுகிறது. சிம்மவர்மன் இரண்யவர்மன் ஆகிறான். உமாபதி சிவாச்சாரியாரின் கோயிற்புராணம் சொல்லும் கதை இது.

நாட்டை ஆள வேண்டியவனையே ஊரை விட்டு ஓடவைத்தது தோலில் தெரிந்த ஒரு நோய். இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு இளைஞருக்கு முழங்கையிலும் தலையிலும் வெள்ளி நிறச் செதில் உதிர ஆரம்பித்தால், முதல் கவலை அரிப்பு இல்லை. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான். ஆபீஸுக்கு முழுக்கைச் சட்டை, சலூனுக்குப் போகத் தயக்கம், கல்யாணப் பேச்சு வந்தால் வீட்டில் ஒரு மௌனம்.

அடுத்து வருவது அறிவுரை. இங்கிலீஷ் மருந்து வேண்டாம், களிம்பு போட்டால் நோய் உள்ளே போயிடும், ஹோமியோபதி பாருங்க, வேரோடு போயிடும் என்று பக்கத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் பக்கத்து சீட் வரை யாராவது சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள்.

தோல் நோயை வெளியே அடக்கினால் அது உள்ளே போய் உட்காரும் என்ற இந்த எண்ணம் பல வைத்திய முறைகளில் உண்டு. ஆனால் அதையே ஒரு மருத்துவ முறையின் அஸ்திவாரங்களில் ஒன்றாக வைத்து, 1828-ல் பெரிய புத்தகமாக எழுதியவர் ஒரு ஜெர்மன் டாக்டர். பெயர் சாமுவேல் ஹானிமன். ஹோமியோபதியின் தந்தை. அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், இன்று ஒரு சொரியாசிஸ் நோயாளி எடுக்க வேண்டிய முடிவும் கொஞ்சம் தெளிவாகும்.

பீங்கான் ஊரின் பையன்

ஹானிமன் பிறந்தது 1755 ஏப்ரல் 10. உலக ஹோமியோபதி தினமாகக் கொண்டாடப்படுவது இந்த நாள்தான். ஊர், ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள மைசன். பீங்கானுக்குப் பேர்போன ஊர். அப்பாவுக்கு அங்கே பீங்கான் பாத்திரங்களில் ஓவியம் தீட்டும் வேலை. வசதியான குடும்பம் இல்லை. ஆனால் பையனுக்கு மொழிகள் தண்ணீர்பட்ட பாடு.

லைப்சிக்கில் மருத்துவம் படிக்கப் போனவர், செலவுக்கு மொழிபெயர்ப்பும் பாடம் சொல்லிக்கொடுப்பதும்தான் வழி என்று ஓட்டினார். பிறகு வியன்னா. அங்கே கையில் காசு தீர்ந்துபோனதும், டிரான்சில்வேனியாவில் ஒரு பிரபுவின் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கடைசியில் 1779-ல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1782-ல் ஹென்ரியட்டாவுடன் கல்யாணம். பதினொரு குழந்தைகள். வருமானம் குறைவு, ஊர் விட்டு ஊர் மாறிக்கொண்டே இருந்த குடும்பம்.

டாக்டர் பட்டம் வாங்கியவர் ஏன் மொழிபெயர்ப்பில் காலம் தள்ள வேண்டும்? அவருக்கு அன்றைய மருத்துவத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

ரத்தம் எடுத்த காலம்

அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள, 18-ம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் நரம்பை வெட்டி ரத்தம் எடுப்பார்கள். குறையவில்லை என்றால் மறுபடி எடுப்பார்கள். பேதி மருந்து, வாந்தி மருந்து, பாதரசம் என்று உடம்பைப் போட்டு வதைப்பார்கள். 1792-ல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் லியோபோல்டு திடீரென்று இறந்தபோது, அவருக்கும் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கப்பட்டிருந்தது. அதைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்ட டாக்டர்களில் ஹானிமன் ஒருவர்.

தோல் நோய்க்கும் இதே கதைதான். 1786-ல் இங்கிலாந்தின் தாமஸ் ஃபவுலர், ஆர்சனிக் கலந்த ஒரு திரவ மருந்தைப் பற்றி எழுதினார். ஃபவுலர் கரைசல் என்று பேர் வாங்கிய அந்த மருந்து, பிற்பாடு சொரியாசிஸுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டது. செதில் குறைந்தது உண்மை. ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு உள்ளங்கை தடித்தது, சிலருக்குத் தோல் புற்றுநோயே வந்தது. அதே 1786-ல் ஹானிமன் வெளியிட்ட புத்தகம் எதைப் பற்றித் தெரியுமா? ஆர்சனிக் விஷத்தைப் பற்றி. அதன் ஆபத்து, அதைக் கண்டுபிடிக்கும் முறை, விஷம் ஏறியவருக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை.

மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி அடித்த காலத்தில், 1792-ல் ஜார்ஜன்டால் என்ற இடத்தில் ஒரு நோயாளியை அடி, கட்டு எதுவும் இல்லாமல் பொறுமையாகக் கவனித்துக் குணமாக்கியவரும் இவர்தான். ஆகவே ஹானிமன் ஒரு போலி டாக்டர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. தன் காலத்து மருத்துவம் செய்த கொடுமையைக் கண்ணால் பார்த்து, மனசாட்சியோடு விலகி நின்றவர்.

ஒரு பட்டை, ஒரு யோசனை

1790-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் மருந்தியல் நூலை ஹானிமன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் சிங்கோனா பட்டை ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் கல்லன் சொன்ன காரணம் அவருக்கு ஒப்பவில்லை. வயிற்றுக்கு வலு தருவதால் என்றால், கசப்பான மற்ற மருந்துகளும் மலேரியாவைக் குணப்படுத்த வேண்டுமே?

தானே சாப்பிட்டுப் பார்த்தார். உடம்பில் குளிர், படபடப்பு, சோர்வு என்று காய்ச்சல் மாதிரியான அறிகுறிகள் வந்ததாகக் குறித்தார். அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஆரோக்கியமான ஒருவரிடம் ஒரு பொருள் எந்த அறிகுறிகளை உண்டாக்குகிறதோ, அதே அறிகுறி உள்ள நோயை அதே பொருள் குணப்படுத்தும். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் ஊரில் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த யோசனை. 1796-ல் கட்டுரையாக வந்த இது, 1810-ல் ஆர்கனான் என்ற நூலாக விரிந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் உண்மையிலேயே புதுசு. ஒன்று, மருந்தை நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் ஆரோக்கியமானவர்களிடம் சோதித்து எழுதிவைப்பது. இரண்டு, நோயாளியை உட்காரவைத்து தூக்கம், பயம், பசி, கனவு வரை பொறுமையாகக் கேட்பது. ஒரு நிமிஷம் பார்த்து ரத்தம் எடுத்து அனுப்பிய காலத்தில் இது பெரிய மரியாதை.

சிக்கல் மருந்தின் அளவில் வந்தது. விஷத்தன்மை போகட்டும் என்று மருந்தை நீரிலும் ஆல்கஹாலிலும் கலந்து கலந்து குறைத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கினால், அளவு குறையக் குறைய மருந்தின் சக்தி கூடும் என்று நம்பினார்.

அதன் கணக்கைப் பாருங்கள். ஹோமியோபதிக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30சி என்ற வீரியம், ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படி 30 தடவை செய்தது. 1 போட்டுப் பக்கத்தில் 60 சுழியம் போட்டால் வரும் எண், அத்தனை மடங்கு நீர்த்தது. 12 தடவை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட போய்விடுகிறது. ஒரு குறிப்பிட்ட அளவு பொருளில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட ஆரம்பித்தது 1865-ல். ஹானிமன் இறந்து 22 வருஷம் கழித்து. அவருக்கு இது தெரிய வழியில்லை. நமக்குத் தெரியும்.

சோரா பிறந்த கதை

1811-ல் லைப்சிக்குக் குடிபெயர்ந்து பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். சீடர்கள் சேர்ந்தார்கள், எதிரிகளும் சேர்ந்தார்கள். டாக்டரே மருந்தைத் தயாரித்துக் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் கடைக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். கடைசியில் 1821-ல் கேத்தன் என்ற சிற்றூருக்கு, அங்கே இருந்த பிரபுவின் ஆதரவில் போய்ச் சேர்ந்தார். அவர் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த 1823-ல்தான் இங்கே சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் ராமலிங்கர், நாம் வள்ளலார் என்று கூப்பிடுகிறவர், பிறந்தார். காலத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

கேத்தனில் அவரைத் தின்றுகொண்டிருந்தது ஒரு கேள்வி. தன் மருந்து திடீர் நோய்களில் பலன் தருகிறது என்று நம்பினார். ஆனால் நாள்பட்ட நோய்கள் மட்டும் போன மாதிரி போய்த் திரும்பி வருகின்றன. ஏன்?

மருந்தில் கோளாறு இருக்குமோ என்று அவர் சந்தேகப்பட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நோய்க்கு அடியில் இன்னொரு நோய் ஒளிந்திருக்கிறது என்று முடிவு செய்தார். பழைய நோயாளிகளின் வரலாற்றைத் தோண்டத் தோண்ட, பலருக்கும் எப்போதோ சொறி சிரங்கு வந்து போயிருந்தது. அன்றைய ஐரோப்பாவில் சிரங்கு வராத ஆளே குறைவு என்பது வேறு விஷயம். இவர் அதைத்தான் வேர் என்று பிடித்துக்கொண்டார். அரிப்பு, சொறி என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்லை எடுத்து சோரா என்று பெயர் வைத்தார். 1828-ல் நாள்பட்ட நோய்கள் பற்றிய நூலின் முதல் பாகம் வெளிவந்தது. நாள்பட்ட நோய்களில் எட்டில் ஏழு பங்குக்கு சோராதான் காரணம் என்றார்.

தோலில் வரும் சொறி, உள்ளே இருக்கும் நோயின் வடிகால் என்பது அவர் வாதம். கந்தகக் களிம்பைத் தடவி அதை மறைத்தால், நோய் வெளியேற வழியில்லாமல் உள்ளே திரும்பி ஆஸ்துமாவாகவும் வலிப்பாகவும் மனநோயாகவும் வெடிக்கும் என்று எச்சரித்தார்.

களிம்பு போட்டால் நோய் உள்ளே போயிடும் என்று இன்றைக்குக் காதில் விழும் அறிவுரைக்கு, ஹோமியோபதி வழியில் வந்த வேர் இதுதான்.

ஊசி முனையில் ஒரு பூச்சி

புத்தகம் வந்து ஆறே வருஷம். 1834 ஆகஸ்டில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில், கோர்சிகா தீவிலிருந்து படிக்க வந்த ரெனூச்சி என்ற மாணவர், டாக்டர்கள் சூழ்ந்து நிற்க, சிரங்கு வந்த ஒருவரின் தோலில் ஊசியால் குத்தி ஒரு சின்னஞ்சிறு பூச்சியை வெளியே எடுத்துக் காட்டினார். கோர்சிகாவின் கிராமத்துப் பெண்கள் சர்வ சாதாரணமாகச் செய்யும் வேலை அது. 1687-லேயே இத்தாலியில் பொனோமோ என்ற டாக்டர் இந்தப் பூச்சியைப் பற்றி எழுதியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த முறை தட்டிக்கழிக்க முடியவில்லை.

ஆக, சிரங்கு என்பது உள்ளே இருந்து வெளியே வரும் விஷம் இல்லை. வெளியே இருந்து தோலுக்குள் துளைத்துக் குடியேறும் பூச்சி. ஹானிமன் எந்தக் கந்தகக் களிம்பைப் போடக் கூடாது என்றாரோ, அது உண்மையில் அந்தப் பூச்சியைக் கொல்லும் மருந்து. இன்றும் சிரங்குக்குப் பயன்படுகிறது.

இந்தச் சம்பவம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில் ஹானிமனே பாரிஸுக்குக் குடிவந்தார். அது தனி சினிமா. ஹென்ரியட்டா 1830-ல் இறந்துவிட்டார். 1834 அக்டோபரில், மெலானி என்ற பாரிஸ் பெண் ஓவியர் ஆண் வேடத்தில் பயணம் செய்து கேத்தனுக்கு வைத்தியத்துக்கு வந்தார். மூன்று மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 79 வயது, மணப்பெண்ணுக்கு முப்பத்துச் சொச்சம். 1835 ஜூனில் இருவரும் பாரிஸ் போனார்கள். சிரங்குப் பூச்சியின் செய்தி பரவிய அதே நகரத்தில் ஹானிமன் புகழின் உச்சியில் வாழ்ந்தார். ஏழைகளும் பணக்காரர்களும் வாசலில் காத்துக் கிடந்தார்கள். ஆனாலும் சோரா கொள்கையை அவர் கைவிடவில்லை. 1843 ஜூலை 2-ல், 88 வயதில் காலமானார். முதலில் மோன்மார்த்தரில் புதைக்கப்பட்டு, 1898-ல் பெர் லஷேஸ் கல்லறைக்கு மாற்றப்பட்டார்.

பேர் ஒன்று, நோய் வேறு

இங்கேதான் இன்றைய குழப்பம் தொடங்குகிறது. சோரா, சொரியாசிஸ் இரண்டும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்த சொற்கள். அதனால் ஹானிமன் சொன்ன சோராதான் சொரியாசிஸ் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை.

லண்டன் டாக்டர் ராபர்ட் வில்லன் 1808-ல் தோல் நோய்களை வரிசைப்படுத்தியபோது, செதில் உதிரும் இந்த நோயைத் துல்லியமாக விவரித்தார். ஆனால் அதன் ஒரு வடிவத்துக்கு சொரியாசிஸ் என்றும், வட்டத் திட்டுகளாக வரும் இன்னொரு வடிவத்துக்கு லெப்ரா என்றும் பெயர் வைத்துவிட்டார். லெப்ரா என்றால் தொழுநோயையும் குறிக்கும் சொல். அந்த ஒரு பெயரால் எத்தனை பேர் தொழுநோயாளி என்று ஒதுக்கப்பட்டார்களோ! 1841-ல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா இரண்டும் ஒரே நோய், தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பிரித்தார். அப்போது ஹானிமன் பாரிஸில் உயிரோடு இருந்தார். அதே ஹெப்ரா, அடுத்த சில வருஷங்களில் சிரங்குக்குப் பூச்சி மட்டுமே காரணம் என்பதையும் உறுதிப்படுத்தினார்.

அப்படியானால் சொரியாசிஸ் என்பது என்ன? சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப் படை என்பார்கள். நவீன மருத்துவம் சொல்வது இது: நம் தோலின் செல்கள் அடியில் பிறந்து மேலே வந்து உதிர சுமார் ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தவறுதலாகத் தோலையே தாக்குகிறது. செல்கள் சில நாட்களிலேயே அவசர அவசரமாக மேலே வந்து குவிகின்றன. அதுதான் சிவந்த திட்டும் வெள்ளிச் செதிலும்.

ஒட்டாது. தொட்டால் வராது, ஒரே துண்டைப் பயன்படுத்தினால் வராது, ஒரே குளத்தில் குளித்தால் வராது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. மன அழுத்தம், தொண்டைப் புண், குடி, சிகரெட், சில மாத்திரைகள் இதைக் கிளறிவிடும். தோலோடு நிற்காமல் சிலருக்கு மூட்டையும் தாக்கும். காலையில் விரல் விறைத்துக்கொண்டு, குதிகால் வலித்தால் உடனே காட்ட வேண்டும். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கெடலாம். 2014-ல் உலக சுகாதார சபை சொரியாசிஸை வலியும் ஊனமும் தரக்கூடிய நாள்பட்ட நோய் என்று தீர்மானம் போட்டே அங்கீகரித்தது. வெறும் அழகுப் பிரச்சினை இல்லை இது.

தஞ்சாவூர் வழியாக வந்த மருந்து

ஹானிமனை நேரில் சந்தித்த ஹோனிக்பெர்கர் என்ற டாக்டர் 1839-ல் லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு வைத்தியம் பார்த்தார். தமிழ்நாட்டுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. 1846-ல் சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற ராணுவ டாக்டர் தஞ்சாவூரில் ஹோமியோபதி மருத்துவமனை தொடங்கினார். கொல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற பெரிய அலோபதி டாக்டரே ஹோமியோபதிக்கு மாறினார். 1973-ல் மத்திய அரசு தனிச் சட்டம் போட்டது. இன்று ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மதுரை அருகே திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி கல்லூரியே இருக்கிறது. ஆகவே, படித்துப் பதிவு செய்த ஹோமியோபதி டாக்டரிடம் போவது சட்டப்படி சரியான விஷயம்.

சட்டம் அனுமதிப்பது வேறு, நோய் குணமாகிறதா என்பது வேறு. 2005-ல் லான்செட் இதழில் வந்த ஒப்பாய்வும், 2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் வெளியிட்ட அறிக்கையும், ஹோமியோபதி மருந்துக்கும் வெறும் சர்க்கரை உருண்டைக்கும் நம்பத்தகுந்த வித்தியாசம் தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தன. சொரியாசிஸுக்குத் தனியாகப் பார்த்தாலும், பலனை உறுதியாகக் காட்டிய பெரிய, தரமான ஆய்வு இல்லை.

அப்போ எனக்குக் குணமானதே, அது?

நியாயமான கேள்வி. சொரியாசிஸின் சுபாவமே கூடுவதும் குறைவதும்தான். ஒருவர் எப்போது புது வைத்தியம் தேடுவார்? நோய் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு அது தானாகவே இறங்குவது சகஜம். அந்த நேரத்தில் கையில் எந்த மருந்து இருக்கிறதோ, பேர் அதற்குப் போய்விடும். கூடவே ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்கும் டாக்டர் கிடைத்தால் மனசு லேசாகும். மன அழுத்தத்தால் கிளறப்படும் நோயில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

உள்ளே போகும் என்ற பயத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. வீரியமான ஸ்டீராய்டு களிம்பையோ, அதைவிட மோசமாக ஸ்டீராய்டு மாத்திரையையோ டாக்டரைக் கேட்காமல் எடுத்து, திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் முன்பைவிட உக்கிரமாகத் திரும்பும். சிலருக்கு உடம்பு முழுவதும் சிவந்து, அல்லது சீழ்க் கொப்புளங்கள் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகும். இதைப் பார்த்தவர்கள், பார், அடக்கிவைத்த நோய் வெளியே வருது என்கிறார்கள். நடந்தது அதுவல்ல. மருந்தைத் தவறாகத் தொடங்கியதும் தவறாக நிறுத்தியதும்தான் காரணம்.

இன்னொரு ஆபத்து இதோடு ஒட்டியது. ஹோமியோபதியில் முதலில் நோய் கொஞ்சம் கூடினால் அது நல்ல அறிகுறி என்ற நம்பிக்கை உண்டு. இதுவும் ஹானிமன் வழி வந்தது. சொரியாசிஸில் உடம்பு முழுக்கச் சிவந்து, குளிர் நடுக்கம் வருவது நல்ல அறிகுறி அல்ல, அவசர நிலை. காத்திருக்கக் கூடாது.

இன்று என்ன வழி?

வேரோடு அழிக்கும் மருந்து எந்த முறையிலும் இன்னும் இல்லை. ஆனால் தோலைத் தெளிவாக வைத்திருக்க முடியும், பல வருஷங்களுக்கு. லேசாக இருந்தால் களிம்பு போதும்: அளவோடு ஸ்டீராய்டு, வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியால், தார் கலந்த மருந்து. பரவலாக இருந்தால் புற ஊதா ஒளி சிகிச்சை. அதற்கும் மேல் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள். இது வாரத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியது. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. இடையிடையே ரத்தம், கல்லீரல் பரிசோதனை அவசியம், குடி கூடாது, கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. இவற்றுக்கும் கட்டுப்படாவிட்டால் பயாலஜிக் ஊசிகள். விலை அதிகம்தான், ஆனால் பலருக்குத் தோலை ஏறக்குறைய முழுசாகவே தெளிவாக்குகின்றன.

சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. கடலூர்க்காரர்கள் அரசுத் தலைமை மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம். ஆரம்பத்திலேயே ஒரு தோல் டாக்டர் பார்த்து, இது சொரியாசிஸ்தானா, படர்தாமரையா, வேறா என்று உறுதி செய்வது முதல் வேலை.

குளித்ததும் தேங்காய் எண்ணெயோ ஈரப்பதக் களிம்போ தடவலாம். செதிலைப் பிய்க்கக் கூடாது. காயம் பட்ட இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பும் நோய் இது. சேராங்கொட்டை மாதிரி தோலைப் பொசுக்கும் நாட்டுச் சரக்குகளைத் தானாகப் பூசிக்கொள்வது கூடாது. லேபிள் இல்லாத பொடியோ மாத்திரையோ யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருந்தால் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஹோமியோபதிதான் மனசுக்குப் பிடிக்கிறது என்றால், இரண்டு டாக்டரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டு வலி வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

ஹானிமன் தன் காலத்து டாக்டர்களிடம் கேட்டது ஒன்றுதான். காலங்காலமாகச் செய்கிறோம் என்பதற்காக ஒரு மருந்தைக் கொடுக்காதே, சோதித்துப் பார். ஆர்சனிக்கையும் ரத்தம் எடுப்பதையும் அவர் அந்தக் கேள்வியால்தான் எதிர்த்தார். தன் சோராவை மட்டும் அவர் அப்படிச் சோதிக்காமல் விட்டுவிட்டார். பாரிஸ் டாக்டர்கள் முன் ஊசி முனையில் ஒரு பூச்சி வந்து நின்ற பிறகும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்வியையும், நோயாளியை உட்காரவைத்துக் கேட்ட அந்தப் பொறுமையையும்.

தில்லைக்கு வந்த சிம்மவர்மன் தன் நோயை மறைக்கவில்லை. அதைச் சொல்லி உதவி கேட்டான். முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்திருக்கும் திட்டை முதலில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டுவதற்கு, அந்த அளவு துணிச்சல் போதும்.